மதகுப் பூட்டு யார் கையில்? துறை, ஊர்க்கட்டு, சங்கம், ஊராட்சி ஆகிய நான்கையும் எடைபோட்டுப் பார்த்தபோது

வருகிற மே 1 கிராம சபையில் எங்கள் ஊர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கோரையாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் எங்கள் எல்லைக்குள் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் ஓடுகிறது. அதை வருஷா வருஷம் தூர்வார வேண்டும், முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும், மதகு பார்க்க ஆள் போட வேண்டும், எல்லாவற்றுக்கும் பணம் திரட்ட வேண்டும். இதை யார் பொறுப்பில் விடுவது? இப்போது இருப்பதுபோல நீர்வளத் துறையிடமே இருக்கட்டும் என்கிறார்கள் சிலர். பழையபடி ஊர்க்கட்டுப்பாடு வைத்து, ஊரே கூடி வாய்க்காலைப் பராமரிக்கும் குடிமராமத்துச் செய்வோம் என்கிறார்கள் பெரியவர்கள். பாசனதாரர் சங்கம் பதிவு செய்துவிடலாம் என்பது தலைமடைக்காரர்களின், அதாவது வாய்க்காலின் மேல்பகுதியில் நிலம் உள்ளவர்களின், எண்ணம். ஊராட்சியே எடுத்து நடத்தட்டும் என்பது நாலாவது பேச்சு.

நான் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், வாய்க்கால் முடியும் கடைமடையில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் கரும்பலகையில் 'அரசு', 'அரசாங்கம்' என்று இரண்டு சொற்களை எழுதி, இரண்டும் ஒன்றல்ல என்று பாடத்தைத் தொடங்குவேன். பிள்ளைகள் ஐந்து மதிப்பெண் கேள்வியாக அதை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பாடத்தை மதகடியில் நின்று மறுபடி நானே படிக்க வேண்டிவந்தது.

போன வருஷம் குறுவை கதிர் வாங்கும் சமயம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், போன் வந்தது. மதகடிக்குப் போனால் டார்ச் வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அன்று எங்கள் கடைமடைக்கு முறை. ஆனால் மேலே உள்ள மடை முழுக்கத் திறந்து கிடக்கிறது. கடைமடைப் பையன் ஒருவன் தன் செலவில் சங்கிலியும் பூட்டும் வாங்கி ஷட்டரில் மாட்டியிருந்தான். அந்தப் பூட்டு உடைந்து சேற்றில் கிடந்தது. பூட்டியவன் ஒரு பக்கம், உடைத்தவர் ஒரு பக்கம். இரண்டு பேர் கையிலும் மண்வெட்டி.

"வாத்தியாரய்யா, நீங்களே சொல்லுங்க. எங்க முறைத் தண்ணி திருட்டுப் போவுது. நான் பூட்டுனது தப்பா?" என்றான் அவன்.

"இவன் யாருங்க பூட்டுறதுக்கு? ஆத்துத் தண்ணிக்கு இவன் பட்டா வச்சிருக்கானா?" என்றார் மற்றவர்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அன்று நான் பதில் சொல்லவில்லை, மண்வெட்டிகளை மட்டும் கீழே வைக்கச் சொன்னேன். விடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்தப் பையனின் கேள்வியை அதற்குப் பிறகு நான் விடவில்லை. ஒரு பொதுப்பொருளுக்குப் பூட்டுப் போடும் உரிமை யாருக்கு, அந்த உரிமை எங்கிருந்து வருகிறது?

பலம் வேறு, அதிகாரம் வேறு. பூட்டு வாங்கியவனிடம் பலம் இருந்தது, உடைத்தவரிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒருவர் பூட்டினால் மற்றவர்கள், பிடிக்காவிட்டாலும், 'அவருக்கு உரிமை உண்டு' என்று ஏற்றுக்கொண்டால்தான் அது அதிகாரம். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919-ல் மியூனிக்கில் ஆற்றிய உரையில் அரசு என்பதற்கு ஒரு வரையறை சொன்னார்: ஒரு நிலப்பரப்புக்குள் நியாயமான வன்மையைப் பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே என்று கோரி, அந்தக் கோரிக்கையை நிலைநாட்டும் அமைப்பே அரசு. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் போலீஸையும் ராணுவத்தையும் நினைப்பார்கள். எனக்கு இப்போது அந்த மதகுப் பூட்டுதான் நினைவுக்கு வருகிறது. உடைந்த பூட்டுக்குப் பின்னால் ஏற்பு இல்லை.

நான்கு வழிகளுக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் வீண் நம்பிக்கை எழக் கூடாது. பாடப்புத்தக இலக்கணப்படி அரசுக்கு மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை என்று நான்கு உறுப்புகள். நாம் 'தமிழக அரசு' என்று சொன்னாலும் அந்த நாலாவது உறுப்பு மாநிலத்துக்குக் கிடையாது. அதற்குக் காவிரியைவிட நல்ல சான்று வேண்டாம். தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-வது இனம்தான், ஆனால் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகள் ஒன்றியப் பட்டியலின் 56-வது இனத்துக்கு உட்பட்டவை. 1924-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்த ஒப்பந்தம், 1990-ல் அமைந்த நடுவர் மன்றம், 2007-ல் அதன் இறுதித் தீர்ப்பு என்று வந்த வழக்கில், கடைசியில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அதே வருஷம் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது நம் மனக்கணக்கு. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. மேட்டூர், கல்லணை, தென்பெரம்பூர், நீடாமங்கலத்துக்குப் பக்கத்து மூணாறு தலைப்பு என்று ஒவ்வொரு படியாக இறங்கி வருகிற தண்ணீர் எங்கள் மதகைத் தொடும்போதுதான் எங்கள் பேச்சு தொடங்குகிறது. நான்கில் எதைத் தேர்ந்தாலும் தண்ணீர் ஒரு கனஅடிகூட அதிகமாகாது. வந்ததைப் பங்கிடுவதும், வந்த தண்ணீர் போகிற வழியைத் திறந்து வைப்பதும்தான் நம் கையில் இருக்கிறது.

இனி ஒவ்வொன்றாக.

துறையிடமே விடுவதில் உள்ள பெரிய பலம் சட்டம். வாய்க்கால் புறம்போக்கில் யாராவது வேலி போட்டால் அதை எடுக்க 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் வருவாய்த் துறை அலுவலருக்குத்தான். சங்கமோ ஊர்க்கூட்டமோ அந்த வேலியைத் தொட்டால் வழக்கு நம் மேல் வரும். பொக்லைன், டீசல், பொறியாளர், அளவை எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கின்றன. பெரிய வாய்க்கால்களை நீர்வளத் துறையும், சி, டி வாய்க்கால் என்று நாம் சொல்லும் சின்னவற்றை வேளாண் பொறியியல் துறையும் தூர்வாருவது இங்கே வழக்கம்.

குறையும் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. எங்கள் வாய்க்காலுக்கு ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் விடப்போகிற வாரத்தில் பொக்லைன் வந்தது. வேகவேகமாக வாரி, சேற்றைக் கரை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள். கரையில் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பெய்தது, குவித்த சேறு அத்தனையும் வழுக்கி உள்ளே இறங்கிவிட்டது. பில்லில் வேலை முடிந்திருந்தது. மனு எடுத்துக்கொண்டு மூன்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்லவர், உட்கார வைத்துக் கேட்டார். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது தன் மேலதிகாரிக்கு, அவர் இன்னும் மேலே உள்ளவருக்கு. எந்தப் படியிலும் அவர் எங்கள் ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. மதகு பார்க்கும் துறை ஊழியரான லஸ்கர் ஒருவர் எத்தனையோ மதகு பார்க்கிறார், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எங்கள் மதகில் நிற்க முடியாது. துறையின் அதிகாரம் நியாயமானதுதான். எங்களுக்குத்தான் அது எட்டாத தூரத்தில் இருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தத் தூரம் என்னவென்று இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் பார்த்தோம். ரோட்டில் விழுந்த மரத்தை முதலில் வெட்டியது ஊர்ப் பையன்கள்தான்.

அதனால்தான் பெரியவர்கள் ஊர்க்கட்டு என்கிறார்கள். "அந்தக் காலத்துல எவன் பொக்லைன் பார்த்தான், ஊரே எறங்கி வெட்டிச்சு" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை வரும். இந்த வழியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கேட்க இனிக்கிறது, எங்கள் வீட்டிலேயே இது நடந்ததும் உண்டு.

சின்னப் பையனாக நான் பார்த்தது இது. சித்திரையில் தண்டோரா போடுவார்கள். ஒரு வேலி நிலத்துக்கு, அதாவது இருபது மாவுக்கு, இத்தனை ஆள் என்று கணக்கு. எங்கள் வீட்டுப் பங்குக்கு ஆறு ஆள். தாத்தா குடை பிடித்துக் கரையில் நிற்பார். வாய்க்காலில் இறங்கி இடுப்பளவு சேற்றில் கோரையையும் காட்டாமணக்கையும் வெட்டியவர்கள் ஆறு பேரும் தெற்குத்தெரு ஆட்கள். எங்கள் வீட்டார் ஒருவரும் இறங்கவில்லை. எங்கள் நிலத்துக்கான கடமை அவர்கள் முதுகில் இறங்கியது. மத்தியானம் கரையில் வைத்து அவர்களுக்குக் கூழ் ஊற்றுவார்கள், கைக்கு எட்டாமல், மேலிருந்து. 'ஊரே இறங்கி வெட்டியது' என்ற வாக்கியத்தில் ஊர் என்பது யார் என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

குடிமராமத்து என்ற சொல்லில் குடி இருக்கிறது. ஆனால் முடிவெடுத்த குடி ஒன்று, மண் சுமந்த குடி வேறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலையைக் குறிக்கிறது. இன்றைக்கும் வெட்டிவேலை என்கிறோமே, அதே சொல். 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தபோது, பாசன வேலைக்கு வழக்கப்படி ஆள் தராதவர் அந்த உழைப்பின் மதிப்பில் இருமடங்கு கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். பணம் கட்டுபவருக்கு அது அபராதம். கட்ட ஒன்றுமில்லாதவருக்கு அது விலங்கு. தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று வந்ததே 1952-ல்தான். கூலியை உயர்த்திக் கேட்ட தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அது எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

ஊர்க்கட்டு வேகமானது, செலவில்லாதது, இரவு இரண்டு மணிக்கும் எட்டக்கூடியது. இத்தனையும் உண்மை. ஆனால் அங்கே தீர்ப்புச் சொல்பவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தீர்ப்பு தப்பென்றால் மேல்முறையீடும் கிடையாது. கட்டளைக்குப் பணிந்ததை வைத்து மனதார ஏற்றுக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வழிக்கு நான் கை தூக்க மாட்டேன். என் தாத்தாவை நான் நேசித்தவன், அதனாலேயே இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கத்துக்கு வருவோம். இதற்குச் சட்டம் இருக்கிறது: விவசாயிகள் பாசன அமைப்புகளை மேலாண்மை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம், 2000. இதன் பின்னால் உள்ள யோசனையும் நல்லது. பொதுப்பொருள் என்றால் ஒன்று அரசாங்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும், நடுவில் வழியில்லை என்று வெகுகாலம் அறிஞர்கள் நம்பினார்கள். பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, மீறுகிறவருக்குச் சின்ன அபராதத்தில் தொடங்கிப் படிப்படியாகத் தண்டனை வைத்து, நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய பாசன அமைப்புகள் உலகில் உண்டு என்று எலினோர் ஓஸ்ட்ராம் காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய முதல் பெண் அவர். ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் இன்றும் வியாழக்கிழமை தோறும் மதியம் பேராலயத்து வாசலில் பாசனதாரர்களே நீதிமன்றம் கூட்டித் தண்ணீர்த் தகராறைத் தீர்த்துக்கொள்கிறார்கள். எழுத்து வேலை கிடையாது, வாய்ப்பேச்சில் வழக்கு, அன்றே தீர்ப்பு. கேட்கவே ஆசையாக இருக்கிறது.

இன்னொரு நன்மை, சங்கத்தின் எல்லை தண்ணீரின் எல்லையோடு ஒத்துப்போகும். எங்கள் வாய்க்கால் பக்கத்து ஊராட்சியில் பிறந்து எங்களிடம் முடிகிறது. ஊராட்சி எல்லைக்கல் வாய்க்காலைக் கேட்டு நட்டதல்ல. சங்கம் என்றால் தலைமடை முதல் கடைமடை வரை ஒரே கூட்டத்தில் உட்கார வைக்க முடியும். தண்ணீர் வேண்டியவனே பார்த்துக்கொள்வதால் அக்கறையும் இருக்கும். 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசாங்கம் மறுபடி திட்டம் கொண்டுவந்தபோது, செலவில் 10 சதவீதத்தைப் பாசனதாரர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள். கைக்காசு போட்ட வேலையைக் கண் பார்க்கும் என்பது சரிதான்.

போன கார்த்திகை வரைக்கும் நான் சங்கத்தின் பக்கம்தான் இருந்தேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. தெற்குத்தெரு பள்ளத்தில் இருக்கிறது. ஐம்பது வீடு, சொந்த நிலம் உள்ளவர் இரண்டு மூன்று பேர். மூன்றாம் நாள் இரவு திண்ணைவரை தண்ணீர். அடுப்பில் தண்ணீர், பிள்ளைகளைக் கட்டில் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். வடிகால் மூன்று இடத்தில் அடைத்துக் கிடந்தது: ஓரிடத்தில் காட்டாமணக்குப் புதர், ஓரிடத்தில் ஆகாயத்தாமரை, ஓரிடத்தில் ஒரு நிலக்காரர் வரப்பை நகர்த்தி நகர்த்தி வடிகாலை ஒரு முழ அகலமாக்கியிருந்தார். பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிவாளோடு மார்பளவு தண்ணீரில் இறங்கி அந்தப் புதரை வெட்டினார்கள். ஒரு பாட்டி லாந்தர் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விடியக்காலை நாலு மணிக்குத் தண்ணீர் நகர ஆரம்பித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் சங்கத்துக்கு முனைந்து நிற்கும் நண்பர்களிடம் கேட்டேன், "நம்ம வரைவுல வடிகால் இருக்கா?" இல்லை. பாசன வாய்க்கால் மட்டும் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் விட்டுவிடவில்லை. சங்கத்தின் உறுப்புரிமை நிலத்தோடு கட்டப்பட்டது. நிலத்துக்குத் தண்ணீர் வருவது உறுப்பினருக்குக் கவலை. வீட்டுக்குள் தண்ணீர் புகுவது உறுப்பினர் அல்லாதவரின் கவலை. வரைவு எழுதும்போது அந்த மேசையில் இல்லாதவரின் கவலை காகிதத்தில் ஏறாமல் போய்விட்டது. டெல்டாவில் ஒரே நீர்வழி ஆடியில் பாசனம், கார்த்திகையில் வெள்ளம். அதற்கு இரண்டு வகைக் குடிகள் உண்டு.

இது இன்றைக்கு வந்த சிக்கல் இல்லை. கிராம ஜனநாயகம் என்றால் எல்லோரும் உத்திரமேரூரைச் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, ஏரி வாரியம் என்று அத்தனையும் பெருமைக்குரியவைதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்ற விதியை இன்றைய சட்டங்கள்கூட எட்டவில்லை. ஆனால் அதே கல்வெட்டில் நிற்பதற்கான தகுதியும் இருக்கிறது: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70 வரை, வேத அறிவு. ஏரியின் தண்ணீரைக் குடித்தவர் எல்லோருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆயிரம் வருஷம் கழித்து நாம் எழுதும் வரைவிலும் நிலம் என்கிற அந்த ஒரு தகுதி அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது.

குத்தகைச் சிக்கல் வேறு. எங்கள் தலைமடையில் பாதி நிலத்துக்காரர்கள் திருச்சியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். வயலில் நிற்பவர் குத்தகைதாரர், அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. சங்கத்தில் பட்டாக்காரர் வாக்குப் போட்டு, குத்தகைக்காரர் ராத்திரி கண் விழிப்பதா?

மிஞ்சுவது ஊராட்சி. 73-வது அரசியலமைப்புத் திருத்தம் 1992-ல் நிறைவேறியது, அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்குத் தரத்தக்க 29 பொருள்களில் மூன்றாவது, சிறுபாசனமும் நீர் மேலாண்மையும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. எல்லாவற்றையும்விட, 18 வயதான வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். நிலம் இருக்கிறதா என்று அங்கே கேட்க மாட்டார்கள்.

இதன் குறைகளை மறைக்க மாட்டேன். எங்கள் வாய்க்கால் ஊராட்சியின் சொத்து அல்ல. அட்டவணையில் எழுதியிருப்பது தரலாம் என்பதுதானே தவிர, தந்தாயிற்று என்பதல்ல. ஆற்றுப் பாசன வாய்க்கால் துறையுடையது, துறையின் எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாமல் ஊராட்சி ஷட்டரைத் தொட முடியாது. ஊராட்சியின் கையில் நிதியும் குறைவு. கட்சி உள்ளே வந்தால் எந்தத் தெருவின் வடிகால் முதலில் என்பதும் கட்சிக் கணக்காகிவிடும். பக்கத்து ஊராட்சிக்காரர் மேலே தண்ணீரை நிறுத்தினால் நம் தீர்மானம் அங்கே செல்லாது.

நண்பர் ஒருவர் இன்னொரு குறையையும் சொன்னார், அதுதான் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. "சார், ஊராட்சிங்கிறீங்க. ஊராட்சி எங்க இருக்கு?" நியாயம்தான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை, தனி அலுவலர்தான். அந்தத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது, மறுபடி தனி அலுவலர். ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு சொல்கிறது. சொல்லியும் இப்படி. தலைவர் நாற்காலி காலியாகக் கிடக்கும் அமைப்பிடம் மதகுப் பூட்டை எப்படிக் கொடுப்பது?

இங்கேதான் கரும்பலகைப் பாடம் எனக்குக் கைகொடுத்தது. அரசாங்கம் மாறும், கலையும், சில சமயம் இல்லாமலும் இருக்கும். அரசு அப்படியல்ல, மக்கள் இருக்கும்வரை அது தொடரும். ஊருக்கும் இதே வேறுபாடு உண்டு. தலைவரும் உறுப்பினர்களும் கொண்ட ஊராட்சி மன்றம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கலையும். வாக்காளர் அனைவரும் அடங்கிய கிராம சபை கலைவதில்லை. தனி அலுவலர் காலத்திலும் அது கூடியது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் கூட வேண்டும். இத்தனை நாள் நாம் 'ஊராட்சி' என்று சொல்லித் தலைவரின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பொறுப்பைச் சபையிடம் கொடுத்தால் நாற்காலி காலியானாலும் கேள்வி கேட்கும் இடம் காலியாகாது.

ஆகவே என் வாக்கு கிராம சபைக்கு. சங்கத்தில் உள்ள நல்லதை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. யாருக்கு எந்த நாள் முறை, எத்தனை மணி நேரம் என்பதை உழுகிறவர்களே தீர்மானிக்கட்டும். பட்டாக்காரரோ குத்தகைக்காரரோ, வயலில் நிற்பவர் யாரோ அவர்கள் ஒரு பாசனக் குழு. அதன் தலைவர் கடைமடையிலிருந்து வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன், ஏனென்றால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் நடுவில் உள்ளவருக்கும் வந்திருக்கும். நிலம் இல்லாதவர் முறைநாளைப் பற்றி வாக்குப் போடுவதா என்று தலைமடை நண்பர் கேட்டதற்கு இதுதான் என் பதில்: முறைநாள் உங்களுடையது. ஆனால் எதை முதலில் தூர்வாருவது, பணம் எவ்வளவு, யார் வாங்கினார், எதற்குச் செலவாயிற்று என்பதெல்லாம் சபையில், தெற்குத்தெரு உட்கார்ந்திருக்கும்போது, வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும். கணக்குக் காட்டாதவர் மறுபடி குழுவில் இருக்கக் கூடாது. உத்திரமேரூரிலிருந்து அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சேற்றில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் அன்றே கூலி. வெட்டி கிடையாது.

பக்கத்து ஊராட்சியோடு என்ன செய்வது என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இரண்டு குழுவும் மாதம் ஒருமுறை மதகடியில் உட்காரலாம் என்று பேச்சு நடக்கிறது. தகராறு வந்தால் உதவிப் பொறியாளர் முன்னிலையில் தீர்க்கலாம். அங்கே துறையின் தூரமே நமக்குப் பயன்படும், இரண்டு ஊருக்கும் அவர் வெளி ஆள்.

அந்தப் பூட்டைப் பற்றி ஒரு தீர்மானம் தனியாக எழுதியிருக்கிறேன். துறையின் இசைவோடு ஷட்டருக்கு ஒரே பூட்டு, இரண்டு சாவி. ஒன்று லஸ்கரிடம், ஒன்று சபை நியமிக்கும் மடைக்காரரிடம். மதகுச் சுவரில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே நோட்டு. திறந்த நேரம், மூடிய நேரம், யார் சொல்லித் திறந்தது என்று எழுத வேண்டும். போன வருஷம் பூட்டு வாங்கிய பையனிடம் இதைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். "நோட்டை ராத்திரியில கிழிச்சிட்டா?" என்று கேட்டான். பக்கத்துக்கு எண் போடச் சொல்லிச் சேர்த்துக்கொண்டேன்.

வரைவைத் தெற்குத்தெருவிலும் வாசித்தேன். லாந்தர் பிடித்த பாட்டி கடைசிவரை கேட்டுவிட்டு, "வாய்க்கால் ரெண்டரைக் கிலோமீட்டர்னு போட்டிருக்கீங்க. எங்க வடிகால் எவ்வளவுன்னு போடலியே?" என்றார். போடவில்லைதான். வருவாய்ப் பதிவேட்டில் ஓர் அகலம் இருக்கிறது, தரையில் வேறு அகலம். அளந்தவர் யாரும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகடியில் தொடங்கி, தெற்குத்தெரு வழியாக வடிகால் ஆற்றில் விழும் இடம்வரை டேப் பிடித்து அளக்கப் போகிறோம். கிராம வரைபட நகல் என்னிடம் இருக்கிறது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கவும், எழுதிக்கொள்ளவும் ஆள் வேண்டும். ரப்பர் பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள், நடுவில் இரண்டு இடத்தில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும்.